லிட்டருக்கு முப்பத்தஞ்சு கிராம்

– துணியை எடுங்க சார். மீன் தொட்டியைப் போர்த்தி வச்சுட்டு வந்து பாருங்கன்னு கூப்பிட்டா, நான் எதைப் பாக்குறது?

– எடுக்குறேம்மா. ஒரு நிமிஷம். மொதல்ல உக்காருங்க. மூணு மாடி ஏறி வந்திருக்கீங்க. தண்ணி குடிக்கிறீங்களா?

– தண்ணியப் பாக்கத்தான் வந்தேன், குடிக்க இல்ல. பட்டப்பகல்ல கலர் மீன் கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன். போன்ல என்னமோ தொண்டையில முள்ளு மாட்டின மாதிரி பேசினீங்க, பாதி புரியல. எத்தனை போச்சு?

– அதாவது... மொதல்ல இறால். அது வெள்ளிக்கிழமை சாயங்காலம், விட்ட அன்னிக்கே. சின்னக் கோமாளி மீன் திங்கக்கிழமை. காலைல ஆறு இருபதுக்குப் பாத்தேன். பெருசு நேத்து. நத்தை ரெண்டும் கண்ணாடியை விட்டுக் கீழ விழுந்து கிடக்குது, அதைக் கணக்குல சேக்குறதான்னு தெரியல.

– ஆக மொத்தம் எல்லாமே.

– எல்லாமே.

– பெரிய மீனை என்ன பண்ணீங்க? தூக்கிப் போட்டாச்சா?

– ஃப்ரீஸர்ல இருக்கு.

– எங்க?

– ஃப்ரீஸர்ல. ஐஸ் தட்டுக்குப் பின்னாடி, ஒரு மாத்திரை டப்பாவுல. குப்பைல போட மனசு வரல. அதோட குப்பையை என் வீட்டுக்காரிதான் கட்டி வெளிய வைப்பா. பாத்துருவா.

– ஓ. அவங்களுக்கு இன்னும் தெரியாதா?

– கல்லுக்குப் பின்னாடி தூங்குதுன்னு சொல்லி வச்சிருக்கேன். புது இடம், கூச்சமா இருக்கும், வெளிச்சம் ஆகாதுன்னு. துணியும் அதுக்குத்தான். இன்னிக்கு வேலைக்குக் கிளம்புறப்போ துணியைத் தூக்கிட்டுக் குனிஞ்சு, "வாங்கடி வெளிய, நான் ஒண்ணும் கடிச்சுத் திங்க மாட்டேன்"னு கூப்பிட்டுட்டுப் போறா. நானும் பக்கத்துல நின்னு ஆமா ஆமான்னு தலையாட்டுறேன்.

– சிரிக்கக் கூடாது. ஆனா சிரிப்பு வருது. தப்பா எடுத்துக்காதீங்க சார்.

– சிரிங்க. யாராவது சிரிச்சாத் தேவலை.

– சரி, எடுங்க துணியை. ம். லைட் எரியுது. பம்ப் ஓடுது. சூடு எவ்வளவு, இருபத்தாறா? சரி. கல்லு நல்லா அடுக்கியிருக்கீங்க, இடுக்கெல்லாம் விட்டு. நாப்பது லிட்டர் தொட்டிக்கு இது அழகுதான். இங்க முன்ன என்ன இருந்துச்சு, டி.வி.யா? சுவத்துல ஆணி அடிச்ச ஓட்டை தெரியுது.

– டி.வி. இருந்துச்சு. உள் ரூமுக்கு மாத்திட்டோம். அவதான் மாத்தச் சொன்னா. "நீங்க வீட்ல இருக்குற நேரமெல்லாம் அந்தச் சுவரைத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்க, அங்கயே வைங்க"ன்னா.

– இப்போ உண்மையைச் சொல்லுங்க. எத்தனை நாள் கழிச்சு மீன் விட்டீங்க?

– நாப்பத்தோரு நாள்.

– சார், நான் திட்ட மாட்டேன். எல்லாரும் என்கிட்ட நாலு வாரம்னுதான் சொல்வாங்க. கிண்டிக் கேட்டா நாலு நாள்னு வரும். வெறும் தண்ணியைப் பாத்துக்கிட்டே உக்காந்திருக்க யாருக்குத்தான் பொறுமை இருக்கு? தண்ணி பாக்கத் தெளிவா இருக்கும், விட்டுருவாங்க. அழுக்கைத் திங்குற கிருமி அதுக்குள்ள வளந்திருக்காது. மீன் தன் மூத்திரத்துலயே வெந்து செத்துரும்.

– இல்லம்மா. நாப்பத்தோரு நாள்தான். இதோ நோட்டு இருக்கு. தினமும் காலைலயும் சாயங்காலமும் டெஸ்ட் பண்ணி எழுதியிருக்கேன். முப்பத்தாறாம் நாள் அம்மோனியா பூஜ்யம் வந்துச்சு. அதுக்கு அப்புறமும் அஞ்சு நாள் இருந்து பாத்துட்டுத்தான் உங்க கடைக்கு வந்தேன்.

– இருங்க, நானே பாக்குறேன். இந்தக் குப்பியில அஞ்சு மில்லி எடுத்துக் குடுங்க. அடேங்கப்பா. கோட்டுல நிக்குற மாதிரி எடுக்குறீங்களே. டெஸ்ட் மருந்து எட்டுச் சொட்டு. ஆட்டுங்க. மஞ்சளாவே இருக்கு. அம்மோனியா இல்ல.

– இல்லையா?

– இல்ல. அப்போ வேற ஏதோ. கொசு மருந்து அடிச்சீங்களா இந்த ரூம்ல?

– இல்ல.

– கையில சோப்பு, க்ரீம் எதாவது பூசிட்டு உள்ள விட்டீங்களா?

– கையே விடல. இடுக்கிதான்.

– மீனைக் கொண்டு வந்து டப்புனு கொட்டிட்டீங்களா?

– நீங்க சொன்ன மாதிரி சின்ன ட்யூப்ல சொட்டுச் சொட்டா விட்டு, ஒரு மணி நேரம் பழக்கித்தான் விட்டேன். ஒரு மணி பத்து நிமிஷம்.

– பின்ன எப்படி சார் சாகும்? நல்ல மீனு. கடையில ரெண்டு மாசம் என் கையால தின்னுட்டு வளந்த ஜோடி அது. நீங்க எங்கயோ கோட்டை விட்டிருக்கீங்க. கோச்சுக்காதீங்க. ஒரு ஸ்பூன் கூட, ஒரு ஸ்பூன் கொறைன்னு இருக்குற வேலை இல்ல இது. அளக்கத் தெரியாதவங்க உப்புத் தண்ணிப் பக்கமே வரக் கூடாதுன்னு நான் கடைக்கு வர்ற எல்லார்கிட்டயும் சொல்லுவேன்.

– சரிதான்.

– சார்?

– இல்ல. சரியாத்தான் சொன்னீங்க. நீங்க உக்காருங்க, அந்த ஜன்னலைக் கொஞ்சம் திறக்குறேன்.

– என்ன சார், முகம் இப்படி ஆயிருச்சு? நான் ஏதோ வாய்க்கு வந்ததைச் சொன்னேன். என் வாய் அப்படி. எனக்கு வாய்க்கும் மனசுக்கும் நடுவுல கதவு கிடையாது.

– நீங்க தப்பா ஒண்ணும் சொல்லல. அதாவது... என் வேலையே அளக்குறதுதாம்மா.

– நானும் கேக்கணும்னு நினைச்சேன். அந்த மேசையில இருக்குற சின்னத் தராசைப் பாத்தேன். நகைக் கடையிலயா இருந்தீங்க?

– ஆஸ்பத்திரில. மருந்து கலந்து குடுக்குற இடத்துல. முப்பத்தோரு வருஷம்.

– அட. அப்போ இந்த உப்புக் கலக்குறதெல்லாம் உங்களுக்குத் தூசு.

– அப்படித்தான் நினைச்சேன். எல்லாரும் ரிட்டயர் ஆனா செடி வைப்பாங்க, நடக்கப் போவாங்க. நான் இதை எடுத்ததே அதுக்குத்தான். எடை பாக்கணும், கலக்கணும், அளக்கணும், எழுதணும். ஒழுங்காச் செஞ்சா உள்ள இருக்குறது உயிரோட இருக்கும். யாருக்கும் கெடுதல் இல்ல. என் கை இன்னும் சரியா இருக்கான்னு எனக்கே தெரிஞ்சுக்கணும்னு...

– கைக்கு என்ன?

– ஒண்ணும் இல்ல.

– சார், நான் கடையைப் பூட்டிட்டு வந்திருக்கேன். ஒண்ணும் இல்லாததுக்காக ஒருத்தர் செத்த மீனை ஃப்ரீஸர்ல வைக்க மாட்டார்.

– ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி. நாலு வயசுக் குழந்தை, வலிப்புக்கு மருந்து. கெட்டியா ஒரு பாட்டில் இருக்கும், அதுலேர்ந்து கொஞ்சம் எடுத்துத் தண்ணியா கலந்து குடுக்கணும். பத்து மில்லி எடுக்க வேண்டிய இடத்துல அம்பது எடுத்துட்டேன்.

– அய்யோ.

– ஏன்னு கேக்காதீங்க. தூக்கம் இல்ல, கூட்டம், எதுவும் கிடையாது. சாதாரண நாள். யாரோ ஏதோ கேட்டாங்க, திரும்பிப் பதில் சொன்னேன், அவ்வளவுதான். பதினோரு மணிக்குக் குடுத்தனுப்பினேன்.

– குழந்தைக்கு என்ன ஆச்சு?

– பிழைச்சுது. பதினோரு நாள் படுத்திருந்துச்சு. அப்புறம் தானே நடந்து வீட்டுக்குப் போச்சு.

– அப்பாடா. தவறு எல்லாருக்கும் வர்றதுதானே சார். முப்பத்தோரு வருஷத்துல ஒண்ணு. அதுக்காக வேலையை விட்டுத் தூக்கிட்டாங்களா?

– தூக்கல. நானா வந்துட்டேன். போகாதீங்கன்னு கையைப் பிடிச்சுச் சொன்னாங்க. விசாரணை வச்சாங்க. அதுல என்னைப் பாராட்டி எழுதினாங்க, தெரியுமா? "தவறைக் கண்டவுடன் தாமதமின்றித் தெரிவித்தார்"னு. அந்தக் காகிதம் உள்ள பீரோவுல இருக்கு. என் வீட்டுக்காரி வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் எடுத்துக் காட்டுவா.

– நல்ல விஷயம்தானே?

– நல்ல விஷயம்தான். உண்மையா இருந்தா.

– என்ன சார் சொல்றீங்க?

– நான் கண்டது ஒரு மணிக்கு. சொன்னது நாலு மணிக்கு. அலமாரியைத் துடைக்கிறப்போ அந்த பாட்டிலைப் பாத்தேன். எவ்வளவு இருக்கணும்னு எனக்குத் தெரியும். கொறைஞ்சிருந்துச்சு. உடனே போயிருக்கணும். வார்டு ரெண்டு மாடி மேல, அவ்வளவுதான். போகல. இருக்காது, நேத்தே யாராவது எடுத்திருப்பாங்கன்னு சொல்லிக்கிட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறந்து வச்சேன். மூடினேன். பேரேட்டைப் புரட்டினேன். வெறுமனே புரட்டினேன். ரெண்டு மணிக்கு அந்தக் குழந்தைக்கு அடுத்த வேளை மருந்து. எனக்குத் தெரியும் ரெண்டு மணின்னு. சீட்டுல என் கையெழுத்துதானே. கடிகாரத்தைப் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன்.

– ரெண்டாவது வேளையும் குடுத்துட்டாங்களா?

– குடுத்துட்டாங்க. நாலு மணிக்கு மாடி ஏறிப் போயி, இப்போதான் பாத்தேன்னு சொன்னேன். எல்லாரும் நம்பிட்டாங்க. ஏன் நம்ப மாட்டாங்க? முப்பத்தோரு வருஷம்.

– இதை வேற யாருக்கும்...

– இல்ல. உங்ககிட்டதான். உங்க பேர் கூட எனக்குத் தெரியாது, கடைப் பேர்தான் தெரியும். அதனாலதான் சொல்ல முடியுதோ என்னவோ.

– அந்தம்மா, குழந்தையோட அம்மா, அவங்களைப் பாத்தீங்களா?

– அவங்கதான் என்னைப் பாக்க வந்தாங்க. வீட்டுக்குப் போற அன்னிக்கு. குழந்தையை இடுப்புல வச்சுக்கிட்டு மருந்து வாங்குற ஜன்னல் முன்னாடி வந்து நின்னாங்க. திட்டத்தான் வந்திருக்காங்கன்னு எழுந்து நின்னேன். "சட்டுனு கண்டுபிடிச்சுச் சொன்னீங்களாமே, வேற ஆளா இருந்தா மறைச்சிருப்பாங்க, நல்லா இருங்கய்யா"ன்னு கும்பிட்டாங்க. நானும் கும்பிட்டேன். மறுநாள் வேலையை விடுறேன்னு எழுதிக் குடுத்தேன். ரொம்பப் பேசிட்டேன். நீங்க கிளம்புங்க. தொட்டியை நான் பிரிச்சு வச்சிடுறேன். கல்லையெல்லாம் உங்க கடையிலயே போட்டுக்குங்க. அதுலயும் ஏதோ உயிர் இருக்கும்னு சொன்னீங்க, என்கிட்ட வேண்டாம்.

– இருங்க சார். நீங்க பாட்டுக்குப் பிரிக்காதீங்க. அந்த நோட்டைக் குடுங்க. நீங்க அம்பது பத்துன்னு சொன்னதும் எனக்கு என்னமோ உறுத்துது. நீங்க இப்போ எல்லாத்தையும் ரெண்டு தடவை அளப்பீங்க, இல்லையா?

– மூணு தடவை.

– அப்படிப்பட்ட ஆளு எப்படிக் கோட்டை விடுவாரு? மொத நாள் எங்க... இதோ. தண்ணி நாப்பது லிட்டர். உப்பு ஆயிரத்து நானூறு கிராம். லிட்டருக்கு முப்பத்தஞ்சு. கரெக்டுதானே? கடல்ல இருக்குற அதே அளவு. இதுக்குக் கீழ என்ன எழுதியிருக்கீங்க? "குழாயில் பார்த்தது இருபத்தைந்து. கை தவறு. மேலும் நானூறு கிராம் சேர்த்தேன்." இது என்ன சார், கை தவறு?

– அதாவது, நான் எடை போட்டுக் கலந்தப்போ முப்பத்தஞ்சு வரணும். நீங்க குடுத்தீங்களே, உப்பு பாக்குற குழாய், அதுல ஒரு சொட்டு விட்டு வெளிச்சத்துல பாத்தா இருபத்தஞ்சுதான் காட்டுச்சு. எடை போட்டதுல எங்கயோ தப்பு பண்ணிட்டேன்னு தெரிஞ்சுது. அதான் குழாய்ல முப்பத்தஞ்சு வர்ற வரைக்கும் கொஞ்சம் கொஞ்சமா சேத்தேன். நானூறு கிராம் புடிச்சுது.

– எடை சரியா இருந்திருந்தா?

– குழாய் பொய் சொல்லாதே. கைதான்...

– சார், என் பையை எடுங்க. அந்தச் சைடு ஜிப்புல ஒரு மெஷின் இருக்கும், பேனா மாதிரி. இது புதுசு, நம்பரே காட்டும். தொட்டியில முக்குறேன். நான் இதை மொதல்லயே பண்ணியிருக்கணும். உப்பு சரியாத்தான் இருக்கும், என் குழாயைத்தானே குடுத்தோம்ங்குற தைரியம்.

– எவ்வளவு காட்டுது?

– நாப்பத்தஞ்சு.

– நாப்பத்தஞ்சா?

– நாப்பத்தஞ்சு. கருவாடு போடலாம். என் கடைத் தண்ணி முப்பத்தஞ்சு. அதுலேர்ந்து இதுக்குள்ள விட்டா இறால் அன்னிக்கே போகும், மீன் மூணு நாலு நாள் மூச்சு முட்டிப் போகும். அப்படியேதான் போயிருக்கு. சார், அந்தக் குழாயைக் கொண்டு வாங்க. அப்படியே ஒரு கரண்டி குடிக்கிற தண்ணி. வெறும் தண்ணிக்குப் பூஜ்யம் காட்டணும். ஜன்னல் பக்கம் வாங்க. என்ன தெரியுது?

– முழுக்க நீலமா இருக்கு. கோடே இல்ல.

– கோடு பூஜ்யத்துக்கும் கீழ போயிருச்சு. பத்துப் புள்ளி கம்மியாக் காட்டுது சனியன். நீங்க எடை போட்டது சரி சார். மொதல்ல போட்டீங்களே, ஆயிரத்து நானூறு, அதோட நிறுத்தியிருந்தா உங்க மீன் இந்நேரம் வீட்டம்மாகிட்ட கொஞ்சிக்கிட்டு இருக்கும்.

– எடை சரியா?

– சரி. உங்க கை சரி.

– ஒரு நிமிஷம். கண்ணாடியைத் துடைச்சுக்குறேன்.

– துடைங்க. நல்லாத் துடைங்க. தலை குனிய வேண்டியது நான். தொட்டி வாங்கின அன்னிக்கு நீங்க என்ன கேட்டீங்க? நினைவிருக்கா?

– வெறும் தண்ணியில வச்சுச் சரி பாத்துட்டு ஆரம்பிக்கட்டுமான்னு கேட்டேன். எங்க வேலையில அது பழக்கம்.

– நான் என்ன சொன்னேன்?

– "ஆறு வருஷமா என் கையில இருக்குற குழாய், அதையெல்லாம் சந்தேகப்படாதீங்க"ன்னு சொன்னீங்க.

– சொன்னேன். பழசு, சும்மா கிடக்குது, நீங்களே வச்சுக்குங்கன்னு பெரிய தர்மம் பண்ற மாதிரி எடுத்துக் குடுத்தேன். இங்க வந்து உங்களுக்கு அளக்கத் தெரியாதுன்னும் சொன்னேன். மன்னிச்சுக்குங்க சார்.

– விடுங்கம்மா. உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க உக்காருங்க. ஏன் வேர்க்குது உங்களுக்கு? ஃபேனைப் போடட்டுமா?

– ஆறு வருஷம். சார், அது எப்போலேர்ந்து இப்படி இருக்கு?

– அதை எப்படிச் சொல்ல முடியும்?

– நான் புது மெஷின் வாங்கி நாலு மாசம் ஆச்சு. அதுக்கு முன்னாடி வரைக்கும் கடைத் தண்ணி எல்லாம் இந்தக் குழாயை வச்சுத்தான் கலக்குறது. அதுக்கு முன்ன ஒரு ரெண்டு மாசம் கடையில மீன் செத்துக்கிட்டே இருந்துச்சு. தினமும் காலைல போனா மூணு மிதக்கும், நாலு மிதக்கும். இறால் ஒண்ணு கூட நிக்கல. எனக்குப் பைத்தியமே புடிச்சுது. தண்ணி கலக்குறது என் தம்பி.

– கடையில உங்க தம்பியும் இருந்தாரா? நான் வந்தப்போ எல்லாம் நீங்க மட்டும்தான் இருந்தீங்க.

– அதுக்குள்ள நான் அவனைத் துரத்திட்டேன். கூடப் பொறந்தவன். கடை வச்ச நாள்லேர்ந்து கூட இருந்தவன். குடிக்கிறியாடா, தூங்குறியாடா, புத்தி எங்கடா இருக்குன்னு தினமும் திட்டுவேன். வாயே திறக்க மாட்டான். ஒரு நாள் கடையில ஏழெட்டுப் பேர் நிக்குறாங்க. பெரிய நீலக்கோடு மீன் ஒண்ணு, ஆர்டர் பண்ணி வரவழைச்சது, அதுவும் மிதக்குது. எனக்குக் கண்ணு மண்ணு தெரியல. அத்தனை பேர் முன்னாடி, "நீ தொட்டா எதுவும் தங்காதுடா"ன்னு சொல்லிட்டேன்.

– கோபத்துல வர்றதுதானே அது?

– உங்களுக்குப் புரியல சார். அவன் பொண்டாட்டிக்கு ரெண்டாவது தடவையும் தங்காம போயி அப்போ ஒரு மாசம் கூட ஆகல. நான் மீனைத்தான் சொன்னேன். வார்த்தை வெளிய வந்த அப்புறம்தான் எனக்கே கேட்டுச்சு. அவன் கையில வலை வச்சிருந்தான். அதைத் தொட்டி மேல வச்சான். கையைத் துடைச்சான். போயிட்டான். அந்த வாரம்தான் இந்தப் பேனா மெஷினை வாங்கினேன், எனக்குக் குழாய்ல கோடு சரியாத் தெரியாது, அவன்தான் பாப்பான். மறு வாரத்துலேர்ந்து மீன் சாகல. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? வர்றவங்ககிட்ட எல்லாம் சொன்னேன். "பாருங்க, அவன் போனான், சாவும் நின்னுருச்சு"ன்னு. எங்க சொந்தக்காரங்ககிட்ட எல்லாம் சொன்னேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன் சார்.

– அதுக்கு அப்புறம் அவர்கிட்ட பேசவே இல்லையா?

– என்னன்னு பேசுறது? அந்த வார்த்தைக்காக எத்தனையோ தடவை போனைக் கையில எடுத்திருக்கேன். எடுத்துட்டு, அவன் வேலையில ஒழுங்கா இருந்திருந்தா நான் ஏன் சொல்லப் போறேன்னு கீழ வச்சுருவேன். இப்போ அந்தச் சாக்கும் போச்சு.

– இப்பவே பேசுங்க.

– இப்போவா? இல்ல சார். கடைக்குப் போயி, ஆற அமர... இல்ல, ஞாயித்துக்கிழமை நேர்லயே போயி...

– ஞாயித்துக்கிழமை போக மாட்டீங்க.

– போவேன் சார்.

– மாட்டீங்க. எனக்குத் தெரியும். அதாவது, பாத்த உடனே ஒரு பத்து நிமிஷம் இருக்கும், அதுக்குள்ள எழுந்துடணும். விட்டா ஒவ்வொரு நிமிஷமும் நாம ஒரு காரணம் கண்டுபிடிப்போம். ஒரு மணிக்குச் சொல்றது வேற, நாலு மணிக்குச் சொல்றது வேற. நாலு மணிக்கு நான் சொன்னது பொய்யாத்தான் இருந்துச்சு. போனை எடுங்கம்மா.

– கையெல்லாம் உப்புத் தண்ணி.

– நான் எடுத்துத் தர்றேன். என்னன்னு இருக்கும் நம்பர்?

– "கடை தம்பி"ன்னு இருக்கும். அப்படியே மேசை மேல வைங்க, ஸ்பீக்கர்ல போடுங்க. இல்ல, நீங்க உள்ள போகாதீங்க சார். இங்கயே இருங்க. தனியாப் பேசினா நான் ஏதாவது கதை விட்டுருவேன்.

– சரி, இருக்கேன். ரிங் போகுது.

– எடுக்க மாட்டான்.

– எடுத்துட்டார். பேசுங்க.

– தம்பி, நான்தான்டா.

– தெரியுதுக்கா. நம்பர் வருதுல்ல.

– எங்க இருக்க? வேலையிலயா?

– ம். பெயிண்ட் கடையில. சொல்லுக்கா. உடம்புக்கு எதாவது...

– அதெல்லாம் ஒண்ணும் இல்ல. அவ எப்படி இருக்கா?

– இருக்கா. நல்லா இருக்கா.

– தம்பி, நான் ஒண்ணு சொல்றேன். நடுவுல பேசாத, பேசினா நான் நிறுத்திருவேன். அன்னிக்குக் கடையில நான் சொன்னது, அந்த வார்த்தை... அதைச் சொன்ன வாயைத் தச்சுப் போட்டாலும் தகும். மீனைத்தான்டா சொன்னேன். ஆனா அது உனக்கு எப்படி விழுந்திருக்கும்னு எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் நாலு மாசம் கூப்பிடல. அக்காவை மன்னிச்சுரு.

– விடுக்கா.

– விட மாட்டேன். இன்னொண்ணும் இருக்கு. கடையில மீன் செத்துச்சே, அதுக்கு நீ காரணம் இல்ல. உன் மேல ஒரு தப்பும் இல்ல. எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது. ஊரெல்லாம் உன்னைப் பத்திச் சொன்னேன். ஒவ்வொருத்தர்கிட்டயா போயி, நான்தான் தப்புன்னு சொல்றேன். நீ திரும்பி வா. ஹலோ? தம்பி, லைன்ல இருக்கியா?

– இருக்கேன்.

– ஏதாவது பேசு. திட்டவாவது திட்டு.

– அக்கா, அந்தக் குழாயை என்ன பண்ண?

– எதை?

– உப்பு பாக்குற குழாய். தூக்கிப் போட்டுட்டியா, இல்ல யாருக்காவது குடுத்துட்டியா?

– ஒரு சாருக்குக் குடுத்தேன். புதுசாத் தொட்டி வச்சாரு. அவர் வீட்ல இருந்துதான் பேசுறேன். ஏன் கேக்குற?

– அவருக்கு எத்தனை போச்சு?

– எல்லாமே போச்சு. டேய், இரு. நான் குழாயைப் பத்தி இன்னும் வாயே திறக்கலையேடா. உனக்கு எப்படித் தெரியும்?

– கீழ போட்டது நான்தானேக்கா. கண்ணாடி உடையல, அதனால சொல்லல. மீன் சாக ஆரம்பிச்சப்போ புரிஞ்சுது, அப்போ சொல்ல வெக்கமா இருந்துச்சு. அன்னிக்கு அத்தனை பேர் முன்னாடி நீ அப்படிச் சொன்னப்போ, நான் ஏன் ஒரு வார்த்தை பேசாம போனேன்னு நினைச்ச?